மூணாவது தடவையும் தேஞ்ச பேட்

"யாரோ நம்ம தலையில நல்லா மிளகாய் அரைக்கிறாங்க"ன்னு நான் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல.

எங்க வீட்டுக்காரர் ஒரு காலி ஆயில் டின் மேல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. என் தம்பி, அவன்தான் மெக்கானிக், ஜீப்போட முன் சக்கரத்தைக் கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, பிரேக் பேடைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பட்டைதான் பேட். புதுசுல விரல் தடிமன் இருக்கும். இதுல டிஸ்க்குல உரசுற மருந்து மொத்தமும் போயி வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம். டிஸ்க் மேல கோடு கோடா கீறல். அங்கங்க நீலம் பாரிச்சு, தீய்ஞ்ச சட்டி மாதிரி கிடந்துச்சு.

"இந்த வருஷத்துல இது மூணாவது செட்டு, அக்கா"ன்னான் தம்பி.

"அதைத்தானேடா நானும் கத்திக்கிட்டிருக்கேன்! முன்னாடி எல்லாம் ஒரு செட்டு போட்டா வருஷம் தாண்டி ஓடும். இப்ப என்ன, வெண்ணெயிலயா பேட் செய்யறாங்க?"

"மலை வண்டின்னா தேயத்தான் செய்யும்"னாரு எங்க வீட்டுக்காரர், டீயை ஊதிக்கிட்டே.

"போன வருஷம் மட்டும் மலை சப்பையாவா இருந்துச்சு?"

அவரு இன்னொரு வாய் டீயை உறிஞ்சினாரு.

எங்க பிழைப்பே அந்த ஜீப்புதான். மலை உச்சியில டவருங்க இருக்கு. அதுல வேலை பார்க்கிற ஆளுங்களைக் காலையில மேல ஏத்திவிட்டு, சாயங்காலம் கீழ இறக்கணும். சாதாரண வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பாதி வழி பாறை, பாதி வழி சேறு, நடுவுல ஒரு ஓடை. கடைசியா ஒரு நீளமான சரிவு. அதுல ஒரு பக்கம் மண் மேடு, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கிடையாது. எட்டிப் பார்த்தா கீழ மரத்தோட தலைதான் தெரியும்.

அந்தச் சரிவுலதான் போன வாரம் இறங்கும்போது பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. உள்ள ஆறு பேரு. இவரு வண்டியை மண் மேட்டுல உரசி உரசி நிறுத்தியிருக்காரு. வீட்டுக்கு வந்து அதை என்னவோ பெரிய தமாஷ் மாதிரி சொல்றாரு. "ஒரு பக்கம் பெயிண்ட் போச்சு, அவ்வளவுதான்"னாரு. அன்னையிலிருந்து எனக்கு இந்த மனுஷன் ஒரு நாள் அந்தச் சரிவுல போயி, திரும்பி வராமலே போயிடுவாரோன்னு ஒரே பயம். எவனோ ஒருத்தன் போலி பேடை நம்ம தலையில கட்டின பாவத்துக்கு என் புருஷன் சாகணுமா? விடுவேனா நான்?

"இந்தத் தடவை கடைக்கு நானும் வர்றேன்"னேன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பார்வை எனக்கு நல்லாவே தெரியும். கடைக்காரன் செத்தான்னு அர்த்தம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனுக்கு நான் வெச்ச பேரு 'சிரிப்பு'. வாடிக்கைக்காரங்க உள்ள நுழையறதுக்குள்ள பல்லு அத்தனையும் வெளிய வந்திடும். வாயைத் திறந்தா தேன் ஒழுகும். இப்படிச் சிரிக்கிறவனை நான் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டேன்.

"வாங்கக்கா, வாங்கண்ணே! என்னக்கா, நீங்களே வந்துட்டீங்க?"

"நான் வந்தா ஆகாதா?"

"ஐயோ, கொடுத்து வெச்சிருக்கணும்க்கா!" மேசை மேல மூணு டிஸ்க்கை வரிசையா எடுத்து வெச்சான். ஒண்ணு வழவழன்னு வெறுமனே இருந்துச்சு. ஒண்ணுல சாய்வா கோடு கோடா பள்ளம் வெட்டியிருந்துச்சு. இன்னொண்ணுல முகம் முழுக்க ஓட்டை. "இந்த ஓட்டை போட்டதைப் பாருங்க. ரேஸ் வண்டியில போடுறது. என்ன கம்பீரம்!"

"சக்கரத்துக்கு உள்ள கிடக்கிறதுக்குக் கம்பீரம் எதுக்கு? யாருக்குக் காட்ட?"

எங்க வீட்டுக்காரர் ஓட்டை டிஸ்க்கைத் தொடக்கூட இல்ல. "இது தார் ரோட்டுக்கு. சேத்துல இறக்கினா ஓட்டை அத்தனையும் அடைச்சுக்கும். சூடா இருக்கும்போது ஓடைத் தண்ணி பட்டா, ஓட்டை ஓரத்துல இருந்து வெடிப்பு விடும். கோடு வெட்டினதைக் குடுப்பா. சேத்தை வழிச்சு வெளிய தள்ளிடும்"னாரு. விஷயம் தெரிஞ்சவர்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. சந்தேகம் எல்லாம் எதிர்ல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறவன் மேலதான்.

அடுத்து பேட். சிரிப்பு ரெண்டு டப்பாவை எடுத்து வெச்சான். ஒண்ணு செராமிக், சத்தமே வராது, தூசி கொட்டாது. இன்னொண்ணு இரும்புத்தூள் கலந்தது. கீச்சுகீச்சுன்னு கத்தும், ஆனா எவ்வளவு சூடானாலும் பிடியை விடாதாம்.

"மலைக்கு இரும்புத்தூள் போட்டதே போதும்க்கா. விலையும் கம்மி. செராமிக் உங்களுக்கு வேண்டாம்."

எனக்கு உடனே மூக்கு வேர்த்திடுச்சு. விலை கூடுனது கையில இருக்கும்போதே, குறைஞ்சதை வாங்கிக்கோன்னு ஒரு கடைக்காரன் சொன்னா அதுல என்னவோ இருக்குன்னுதானே அர்த்தம்? டப்பாவை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சேன். ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பேடைத் தட்டிப் பார்த்தேன். எதுக்குத் தட்டினேன்னு எனக்கே தெரியாது. ஆனா தட்டும்போது அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல.

"அக்கா, நீங்க பேட் வாங்க வந்தீங்களா, கேஸ் விசாரிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். போன தடவை குடுத்ததும் இதே டப்பாதானே? அது ஏன் அத்தனை சீக்கிரம் செத்துச்சு?"

இவ்வளவு நேரம் சிரிச்சவன் இப்ப சிரிக்கல. "முன் சக்கரத்துல மட்டும்தான் தேயுதா, பின்னாடியுமா?"ன்னு கேட்டான்.

"நாலும்தான்."

"ஒரே அளவா?"

"ஒரே அளவாத்தான்."

"போலின்னா இந்த ஊர்ல பாதி வண்டிக்கு நான்தான்க்கா போட்டிருக்கேன், எல்லாருமில்ல சட்டையைப் பிடிச்சிருக்கணும்? உங்க வண்டிக்கு மட்டும் நாலும் ஒண்ணா தேயுதுன்னா..." எங்க வீட்டுக்காரரை ஓரக்கண்ணால பார்த்துட்டு, "ஓட்டறது அண்ணன் ஒருத்தர் மட்டும்தானா?"ன்னான்.

பாருங்க, பழியை எங்க கொண்டுபோய் இறக்குறான்னு! "அவரு வண்டி ஓட்டற அழகைப் பத்திப் பேச உனக்கு என்ன அருகதை இருக்கு? அந்தப் பாறையில உன்னை ஏத்தி உட்கார வெச்சா வேட்டி நனைஞ்சிடும்!"னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு, டிஸ்க்கையும் இரும்புத்தூள் பேடையும் வாங்கிக்கிட்டு வெளிய வந்தேன். எங்க வீட்டுக்காரர் பின்னாடியே வந்தாரு. "பாவம், விடு"ன்னாரு.

ஆனா அவன் கேட்டது மட்டும் மனசுல முள்ளாத் தைச்சுடுச்சு. ஓட்டறது இவரு ஒருத்தர் மட்டும்தானா?

சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பு என் தம்பி பட்டறைக்குப் போயிடும். திங்கட்கிழமை காலையிலதான் வெளிய வரும். நடுவுல ஒரு முழு ஞாயித்துக்கிழமை இருக்கு. அவனுக்கோ பழைய குவாரி பக்கம் சேத்துல வண்டியை விட்டு விளையாடுற சிநேகிதனுங்க நிறைய. கூடப்பிறந்தவனைச் சந்தேகப்படறது எனக்கு மட்டும் என்ன சந்தோஷமா? ஆனா ஒரு தடவை சந்தேகம் வந்துடுச்சுன்னா எனக்கு அது தூக்கத்துலயும் கண்ணை முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அவனே பேடை மாத்திட்டா? புதுசை வெளிய வித்துட்டு, எங்கயோ கழட்டின பழசை நம்ம வண்டியில மாட்டிட்டா? டப்பாவுல இருந்தது சக்கரத்துக்குள்ள போறதை நான் என்ன கண்ணால பார்த்தேனா?

அதனால டப்பாவை அவன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுலயே ஒரு ஆணியை எடுத்து, ஒவ்வொரு பேடோட இரும்பு முதுகுலயும் ஓரமா ஒரு பெருக்கல் குறி கீறி வெச்சேன். எவ்வளவு சூடானாலும் அழியாது. பார்க்கிறவனுக்குச் சாதாரணக் கீறல், அவ்வளவுதான். சனிக்கிழமை வண்டியை விடப்போற சாக்குல கிலோமீட்டர் காட்டுறதைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். திங்கட்கிழமை சாவி வாங்கப் போற சாக்குல மறுபடியும் பார்த்தேன். ஒரு புள்ளிகூட நகரல. அடுத்த வாரமும் பார்த்தேன், நகரல. அதுக்கடுத்த வாரமும் அப்படியேதான்.

கொஞ்ச நாள் பொறுத்து, "சக்கரத்தைக் கழட்டிக் காட்டு"ன்னு தம்பிகிட்ட போய் நின்னேன்.

"இப்பதானேக்கா மாட்டினேன்?"

"கழட்டுடா."

முனகிக்கிட்டே கழட்டினான். பேட் பாதிக்கு மேல தேஞ்சிருந்துச்சு. வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். என் பெருக்கல் குறி அப்படியே இருந்துச்சு. நான் வாங்கிக் குடுத்த அதே பேட். நாலு சக்கரத்தையும் கழட்டச் சொன்னேன். எல்லாத்துலயும் குறி இருந்துச்சு, எல்லாமும் பாதி தேஞ்சு போயிருந்துச்சு.

அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல. குறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்மேலயாக்கா சந்தேகப்பட்டே?"ன்னான்.

"ஆமா. உன்மேலயும்தான் பட்டேன்."

அவன் ஸ்பேனரைத் துணியில துடைச்சுக்கிட்டே இருந்தான். துடைச்சதையே துடைச்சான். எனக்கு மனசு பிசைஞ்சுது. ஆனா மன்னிச்சுக்கடான்னு சொல்ல வாய் வரல. நம்ம வாய் அதுக்கெல்லாம் வளையாது.

கடைசியில அவனே, "பேடை அழுத்துற காலிப்பர் எதுவும் இறுகி ஒட்டிக்கல. ஒட்டியிருந்தா ஒரு பக்கம்தான் தேயும். ஆயில் குழாயெல்லாம் அவுத்துச் சுத்தம் பண்ணிட்டேன். பேட் நல்ல பேட்டுன்னு உன் குறியே சொல்லுது. அப்ப மிச்சம் யாருக்கா?"ன்னான்.

மிச்சம் இருந்தது என் புருஷன்.

எனக்குத் தெரியாம வழியில என்னவோ பண்றாரு. பாரம் ஏத்திக்கிட்டு வர்றாரா? இல்ல, டவர் வேலைக்கு வர்ற இன்னொரு ஜீப்புக்காரன்கூடப் போட்டி போட்டு இறங்குறாரா? இந்த வயசுல அந்த ஆட்டம் கேக்குதா? வீட்டுல கேட்டா பூசி மெழுகிடுவாரு. கையும் களவுமா பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த நாள் காலையில ஆளுங்களை ஏத்திக்கிட்டு அவரு கிளம்பின கொஞ்ச நேரத்துல, தம்பியோட பிக்கப்புல நாங்களும் கிளம்பினோம். அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், ஓடை வரைக்கும் போகும். வளைவுக்கு வளைவு பதுங்கிப் பதுங்கிப் போனோம். தம்பிக்கு இன்னும் என்மேல கோபம் தீரல. "போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ நீ"ன்னு மட்டும் சொன்னான்.

பாறை ஆரம்பிச்ச இடத்துல ஜீப்பு கண்ணுல பட்டுச்சு. மெதுவா, அலுங்காம ஏறுது. போட்டியும் இல்ல, பாரமும் இல்ல. பார்க்கவே அழகா இருந்துச்சு. பின்னாடி பிரேக் லைட் ரெண்டும் சிவப்பா எரிஞ்சுது.

"மேட்டுல ஏறும்போது எதுக்குடா பிரேக்?"

"பாறைன்னா அப்படித்தான்க்கா ஓட்டணும். அது கியர் மாத்தற வேலை இல்லாத வண்டி, கிளட்ச் கிடையாது. இடது கால் சும்மாதானே இருக்கும்? அதைப் பிரேக் மேல லேசா வெச்சுக்கிட்டு, வலது காலால ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி எகிறாம, பாறையைத் தடவிக்கிட்டே ஏறும். மாமா அதுல கில்லாடி."

சரின்னு விட்டேன். பாறை முடிஞ்சுது. மண் ரோடு வந்துச்சு, மேடுதான், ஆனா வழவழன்னு இருந்துச்சு. லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. மேடு தாண்டிச் சமதளம் வந்துச்சு. அப்பவும் எரிஞ்சுது. என்ஜின் உறுமுது, வண்டி முக்கி முக்கிப் போகுது, லைட்டும் எரியுது.

"சுவிட்சு கெட்டிருக்கும்"னேன்.

தம்பி முகம் மாறிப் போயிருந்துச்சு. "போன மாசமே ஒருத்தன் வந்து சொன்னான்க்கா, உங்க மாமா வண்டியில பிரேக் லைட் அணையவே மாட்டேங்குதுன்னு. நானும் சுவிட்சுன்னு நினைச்சு, புதுசு மாத்திட்டேன். அது நல்ல சுவிட்சு." கொஞ்சம் நிறுத்தி, "மாமா காலை எடுக்கவே இல்லக்கா"ன்னான்.

ஓடைக்கரையில ஜீப்பு நின்னுச்சு. தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி அங்க கொஞ்சம் நிறுத்தறது வழக்கம். ஆளுங்க இறங்கி முகம் கழுவப் போனாங்க. நான் பிக்கப்பை விட்டு இறங்கிக் கிட்டப் போனேன். நாலு சக்கரத்துல இருந்தும் தீய்ஞ்ச வாடை குப்புன்னு அடிச்சுது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. ஆறு பேரை வெச்சுக்கிட்டு இப்படியா ஓட்டுவாரு ஒரு மனுஷன்? ஜீப்புக் கதவைப் படக்குனு திறந்தேன்.

"நீ எங்க இங்க?"ன்னு பேய் முழி முழிச்சாரு.

"அது இருக்கட்டும். பிரேக்ல இருந்து காலை எடுங்க."

"என்ன சொல்றே? என் கால் பிரேக்லயே இல்லையே."

"பொய் சொல்லாதீங்க!"

"சத்தியமா இல்லடி. பாறை முடிஞ்சதுமே எடுத்துக் கீழ வெச்சுட்டேன். உன்மேல சத்தியமா."

நான் குனிஞ்சு பார்த்தேன். பூட்ஸ் போட்ட இடது கால் பிரேக் பெடல் மேல சாவகாசமா உட்கார்ந்திருந்துச்சு. அவரும் குனிஞ்சு பார்த்தாரு. அடுத்தவங்க காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாரு. அப்புறம் கையால முட்டியைத் தூக்கி, காலை எடுத்துக் கீழ வெச்சாரு.

பொய் சொன்ன மூஞ்சி எனக்குத் தெரியும். எத்தனையோ பேரோடதைப் பார்த்தவ நான். இது அந்த மூஞ்சி இல்ல. பயந்த மூஞ்சி.

"மரத்துப் போயிருக்கும்"னாரு. "ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தேன் இல்ல?"

அவருக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை போடறாரு, நடக்கறாரு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன். ஊர்ல இருக்கிற கடைக்காரனை, கூடப்பிறந்த தம்பியை, இவரை, எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இவரோட உடம்பை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படத் தோணல எனக்கு.

"நீ ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போடா. சூடு ஆறட்டும், அப்புறமா ஏத்து. சாயங்காலமும் நீயே இறக்கிடு"ன்னேன் தம்பிகிட்ட.

"அவனா? இது என் வண்டி"ன்னாரு இவரு. ஆனா கத்தல. சாவியைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. தம்பி கையை நீட்டிக்கிட்டு நின்னான். "மாமா, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்"னான். கொஞ்ச நேரம் கழிச்சு இவரு சாவியை என் கையில குடுத்தாரு, அவன் கையில குடுக்கல. நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

ஜீப்பு ஓடையைத் தாண்டி மேல போற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு. பின்னாடி சிவப்பு எதுவும் எரியல.

பிக்கப்போட பின் பலகையில அவரை உட்கார வெச்சேன். பூட்ஸைக் கழட்டினேன், சாக்ஸையும் கழட்டினேன். "கொஞ்சம் தேய்ச்சுவிட்டா சரியாயிடும்"னாரு. எனக்கும் அப்படித்தான் நம்பணும்னு ஆசை. மனசு கேக்கல.

"கண்ணை மூடுங்க. நான் காலைத் தொடறேன். தொட்டதும் எந்த இடம்னு சொல்லுங்க."

"என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க!"

மூடினாரு. ரெண்டு கையையும் பலகையில ஊனிக்கிட்டு, நல்ல பிள்ளையா, வகுப்புல கேள்விக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்தாரு. பக்கத்துல ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

"ம், தொடு"ன்னாரு.

கொஞ்ச நேரம் போச்சு.

"சீக்கிரம் தொட்டுத் தொலையேன், எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கறது? தொடறேன்னு சொல்லிட்டு அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"ன்னாரு, சிரிச்சுக்கிட்டே.

நான் அவர் பாதத்தை ரெண்டு கையாலயும், நகம் பதியற அளவுக்கு, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.